மீட்டர் அக்காவும் தங்கை வீட்டுச் சுவரும்

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று யாராவது அலறியடித்துக்கொண்டு போன் செய்தால், மீட்டர் அக்கா முதலில் கேட்பது, "மெயின் சுவிட்சை அணைச்சிட்டீங்களா?" அடுத்துக் கேட்பது, "அழுது முடிச்சிட்டீங்களா?" இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்த பிறகுதான் வண்டியை எடுப்பாள். நனைந்துபோன வீடுகளைக் காயவைத்துக் கொடுக்கும் கம்பெனியில் அவளுக்குப் பதினெட்டு வருஷ வேலை. அதற்குள் எத்தனையோ பேர் தண்ணீருக்குள் நின்றுகொண்டு யார் மேல் தப்பு என்று பஞ்சாயத்து நடத்துவதைப் பார்த்துவிட்டாள்.

அவளுடைய பெயருக்குக் காரணம் ஒரு கையடக்கக் கருவி. முனையில் இரண்டு ஊசி. சுவரில் குத்தினால் உள்ளே எவ்வளவு ஈரம் என்று எண்ணாகக் காட்டும். பன்னிரண்டுக்குக் கீழே வந்தால் காய்ந்தது என்று அர்த்தம். எண்ணை அவள் சத்தமாகச் சொல்வாள், வீட்டுக்காரர் தன் கையாலேயே தாளில் எழுத வேண்டும். பின்னால் யாரும் வந்து நீ ஒன்று சொன்னாய், நான் ஒன்று கேட்டேன் என்று வம்பு பண்ணக்கூடாது பாருங்கள். வீட்டுக்காரர் கெஞ்சினாலும் சரி, மேனேஜர் முறைத்தாலும் சரி, பன்னிரண்டைப் பதினொன்று என்று அவள் சொன்னது கிடையாது.

தொழில் வீடு வரைக்கும் வந்துவிட்டது. அவள் வீட்டில் அரிசி மூட்டை ஸ்டூலில் இருக்கும், செருப்பு ஆணியில் தொங்கும். புருஷன்காரர் வருகிறவர்களிடமெல்லாம், "இந்த வீட்ல தரையில நிக்கிற ஒரே சாமான் நான்தான்" என்பார். விருந்தாளியாகப் போன இடத்திலும் கை சும்மா இருக்காது. சுவரைத் தடவும். சிங்க்குக்கு அடியில் குனிந்து மோந்தும் பார்ப்பாள்.

அந்தக் கைதான் தங்கையோடு இருந்த பேச்சைக் கெடுத்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் தங்கை, ஊருக்கு வெளியே புதிதாக வந்த குடியிருப்பில் மாடி வீடு ஒன்று கட்டி, உறவுக்காரர்களை அழைத்துக் காட்டினாள். எல்லோரும் ஆஹா ஓஹோ என்று புகழ்ந்துகொண்டிருக்கும்போது, பெயின்ட் வாசனைகூடப் போகாத ஹால் சுவரில் அக்கா ஊசியைக் குத்தினாள். பழக்கதோஷத்தில் எண்ணையும் சத்தமாகச் சொல்லிவிட்டாள். "இருபத்தெட்டு. சுவர் பூரா ஈரம்." பக்கத்தில் நின்றது தங்கையின் மாமியார். தங்கை முகத்தில் ஈயாடவில்லை. மாமியார் அதன்பிறகு எப்போது வந்தாலும் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். தங்கை அக்காவோடு பேசுவதை அன்றோடு நிறுத்தினாள். கூடப் பிறந்தவள் ஒருத்தி. அவளும் பேசவில்லை என்றால் எப்படி இருக்கும்? அக்காவுக்கு அது உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. ஆனால் தானாகப் போய்ப் பேச வாய் வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆபீசில் கொடுத்த முகவரியை அவள் இரண்டு தடவை படித்தாள். தங்கை வீடு. மாடிக் குளியலறையில் குழாய் வெடித்துவிட்டதாம்.

கதவைத் திறந்த தங்கை புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகியிருந்தாள். கையில் துடைப்பம். அக்காவைப் பார்த்தாள், சட்டையில் இருந்த கம்பெனி முத்திரையைப் பார்த்தாள்.

"கம்பெனியிலேர்ந்து வர்றீங்களா? வாங்க."

நீங்களாம், வாங்களாம். பேன் பார்த்துச் சடை பின்னிவிட்ட அக்காவுக்கு இந்த மரியாதை. சரி, அப்படியே இருக்கட்டும் என்று அக்காவும் பல்லைக் கடித்துக்கொண்டு, "மெயின் சுவிட்சை அணைச்சாச்சுங்களா?" என்று கேட்டாள். இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை. தங்கையின் கண் சிவந்திருந்தது.

"வீட்டுக்காரர் எங்கே?"

"மேலே. குழாயைப் பிடிச்சிட்டு நிக்கிறார்."

மாப்பிள்ளை முக்கால் மணி நேரமாக, பிய்ந்துபோன குழாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நின்றிருந்தார். வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு வாசலில் பூந்தொட்டிக்குப் பின்னால் இருப்பது, அந்த வீட்டைக் கட்டிய மனிதருக்கே தெரியவில்லை. அக்கா அதைத் திருகி மூடிவிட்டு வந்து கீழேயிருந்து குரல் கொடுத்தாள்.

"விரலை எடுங்க மாப்பிள்ளை."

"எடுக்கலாமா அக்கா?" என்றது மேலேயிருந்து ஒரு பரிதாபக் குரல். உடனே பெண்டாட்டியின் முறைப்பு மாடிப்படி ஏறிப் போயிருக்க வேண்டும். "எடுக்கலாமா மேடம்?" என்று திருத்திக்கொண்டார்.

ஹாலில் கணுக்கால் அளவு தண்ணீர். தலைக்கு மேலே, அலங்காரத்துக்காக அடித்திருந்த அட்டைக் கூரை தண்ணீரைக் குடித்து நிறைமாதக்காரி வயிறு மாதிரி தொங்கியது. அக்கா ஒரு பெரிய வாளியைக் கீழே வைத்து, ஏணியில் ஏறி, ஸ்க்ரூ டிரைவரால் நடுவில் ஒரு குத்துக் குத்தினாள். தண்ணீர் சொன்னபடி கேட்டு வாளிக்குள் இறங்கியது.

"உங்க கம்பெனியில தண்ணியை எடுக்கச் சொன்னா, கூரையில ஓட்டை போடுவீங்களா?" என்றாள் தங்கை.

"ஒரு ஓட்டை போட்டா ஒரு ஓட்டை. போடலைன்னா மொத்தமா இடிஞ்சு உங்க சோபா மேல உக்காரும். எது வேணும்?"

தங்கை அடுத்த வாளியை எடுத்து வந்து வைத்தாள். அதுதான் பதில்.

மதியத்துக்குள் உறிஞ்சும் மெஷின் தரைத் தண்ணீரை இழுத்து முடித்தது. சுவரை ஒட்டிய பலகைகளைக் கழற்றி, ஆளுயரக் காற்றாடிகள் நான்கை ஓடவிட்டாள். வீடு விமானநிலையம் மாதிரி இரைந்தது. அந்த இரைச்சலில் யாரும் யாரோடும் பேச முடியாது. தங்கைக்கு வசதியாகப் போயிற்று.

மறுநாள் காற்றாடியை இடம் மாற்ற மாப்பிள்ளை கைகொடுத்தார். பெண்டாட்டி பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, காதருகில் குனிந்து சொன்னார்.

"நான் ரெண்டு கம்பெனி நம்பர் எடுத்துக் குடுத்தேன் அக்கா. அந்த ரெண்டும் வேணாம்னு, உங்க கம்பெனி நம்பரை இவளே தேடி எடுத்தா. நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க."

அக்கா காற்றாடியைச் சரியாக வைப்பதுபோல் கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் ஹால் சுவர்களை அளக்க வேண்டும். தங்கை தாளும் பேனாவுமாக நின்றாள். ஜன்னல் பக்கம் பத்தொன்பது. படிக்கட்டுப் பக்கம் பதினேழு. அடுத்து அந்தச் சுவர். பழைய ஊசித் துளை இரண்டும் இன்னும் தெரிந்தன. அக்கா அதற்குப் பக்கத்தில் குத்தினாள். தண்ணீர் எட்டாத உயரம் அது. உள்ளபடி சுவர் எப்படி இருக்கிறது என்பதை அது மறைக்காமல் சொல்லிவிடும்.

"எட்டு" என்றாள் அக்கா. குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. "நல்ல சுவர்."

தங்கை காற்றாடி இரைச்சலில் காதைக் கிட்டே கொண்டுவந்து கேட்டு எழுதினாள்.

அக்கா காற்றாடிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். வீடு சட்டென்று அமைதியானது.

"அன்னைக்கு இருபத்தெட்டுன்னு சொன்னேன்ல."

"இருபத்தொம்போது" என்றாள் தங்கை தாளைப் பார்த்தபடி.

இருபத்தெட்டுதான். எண் விஷயத்தில் அக்கா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. இந்த ஒன்றை விட்டாள்.

"புதுப் பூச்சு ஈரமாத்தான் இருக்கும். காய ரெண்டு மூணு மாசம் ஆகும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொன்னேன்."

"ஏன்?"

பொறாமையா என்று கேட்டால், பொறாமைதான். இத்தனை வருஷம் அடுத்தவர் வீட்டைக் காயவைத்துவிட்டு, வாடகை வீட்டுக்குத் திரும்பும் மனுஷி அவள். அதையெல்லாம் நீட்டி முழக்கத் தெரியவில்லை.

"உன் வீடு ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள்.

தங்கை சமையலறைக்குப் போனாள். அங்கே பாத்திரங்கள் தேவைக்கு மேல் சத்தம் போட்டன. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"டீ குடிக்கிறீங்களா?"

டீ வந்தது. ஆனால் 'நீங்க' போகவில்லை. அக்கா அந்த டீயைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டு, காற்றாடிகளை மறுபடி ஓடவிட்டாள்.

நான்காம் நாள் கடைசி அளவு. ஜன்னல் பக்கம் பத்து. படிக்கட்டுப் பக்கம் ஒன்பது. எல்லாம் காய்ந்துவிட்டது. மெஷின்களை வண்டியில் ஏற்ற வேண்டியதுதான். அப்புறம் இந்த வீட்டுக்கு வர என்ன காரணம் இருக்கிறது? அவசரத்துக்குக் கூப்பிட்டார்கள், வந்தாள், வேலை முடிந்தது. நன்றி மேடம், போய்வாங்க மேடம். மாடிப்படிக்கு அடியில் அலமாரி மூலை மட்டும் பாக்கி. முட்டி போட்டு உட்கார்ந்தாள். தங்கையும் தாளோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். அது இடுக்கான இடம், இரண்டு தோள்களும் இடித்துக்கொண்டன.

"இதோட முடிஞ்சிருமா?" என்று தங்கை கேட்டாள்.

அக்கா ஊசியைக் குத்தினாள். ஒன்பது என்று பளிச்சென்று எரிந்தது.

"இருபத்திரண்டு" என்றாள்.

தங்கை எட்டி மீட்டரைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பிறகு தாளில் இருபத்திரண்டு என்று அழுத்தமாக எழுதினாள்.

"அப்ப நாளைக்கும் வரணும்."

"வரணும்."

"மத்தியானமா வா. சாப்பிட்டுட்டு வந்து நிக்காத."