பாலம் ஏறிய இரண்டு சீட்டுக் கார்

எங்கள் காரில் இரண்டு பேர்தான் உட்கார முடியும். பின் சீட்டே கிடையாது. ஒரு காய்கறிப் பையும் குடையும் வைத்தால் நிறைந்துபோகிற இடுக்கு ஒன்று உண்டு, அவ்வளவுதான். பெட்ரோல் வேண்டாம், கரண்ட் வண்டி. வேறு யாரிடமோ பல வருஷம் ஓடித் தேய்ந்துவிட்டு, தாம்பரத்தை ஒட்டிய எங்கள் பீர்க்கன்கரணைத் தெருவுக்கு வந்து சேர்ந்தது. வந்த அன்று எதிர் வீட்டுக்காரர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மீதிக் கார் எப்போது வரும் என்று கேட்டார். தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன். என்ன கிண்டல் பண்ணினால் என்ன, எங்கள் வீட்டு வாசலில் கார் நிற்கிறது! அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஓட்டுவது என் மனைவி. படப்பையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நான் எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. எந்நேரமும் லாரியும் பஸ்ஸும் பறக்கிற ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்கவே, வேறு யாராவது கடக்கட்டும் என்று காத்திருந்து அவர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு போகிற ஆள் நான். அவளுக்கு முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. ஸ்கூட்டரில் போகக் கூடாது, பஸ்ஸில் நின்றுகொண்டும் போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தினமும் ஆட்டோவில் படப்பை போய்வந்து கட்டுப்படியாகாது. இந்த வண்டி இருந்தால் அவளுக்கு வேலை உண்டு, இல்லாவிட்டால் ராஜினாமாதான். அதை அவள் என்னிடம் வாய்விட்டுச் சொல்லியும் இருந்தாள்.

ஆனால் அந்தக் குட்டி வண்டி கொடுத்த சந்தோஷம் இருக்கிறதே! ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் சர்ச்சுக்குப் போனால், பெரிய கார்க்காரர்கள் இடம் தேடிச் சுற்றிச் சுற்றி வருவார்கள். இவள் ஒரு தூணுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவில் செருகிவிட்டு இறங்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போவாள். முதல் பாட்டு முடிகிற வரைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்காது. சத்தமே இல்லாத வண்டி என்பதால் தெரு நாய்கள் கூட எழுந்திருக்காது, இறங்கிப் போய் எழுப்ப வேண்டும். அவள் படப்பைக்குக் கிளம்பிய பிறகுதான் என் பயம் ஆரம்பிக்கும். ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகிற லாரிக்காரன் அத்தனை உயரத்தில் உட்கார்ந்திருக்கிறான், அவன் கண்ணில் இது படுமா? அவள் போய்ச் சேர்ந்தேன் என்று போன் பண்ணும்வரை நான் துணியில் கத்திரி வைக்க மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் புயல் என்று சொன்னால் முதலில் பால் பாக்கெட்டும் மெழுகுவர்த்தியும் வாங்குவோம். அடுத்த வேலை, கார் உள்ளவர்கள் காரைப் பெருங்களத்தூர் மேம்பாலத்தில் கொண்டுபோய் ஏற்றுவது. எங்கள் ஊர் ஏரி நிரம்பினால் தண்ணீர் எங்கள் தெருவுக்குத்தான் வரும். பாலத்தின் ஓரமாக வரிசையாக நிற்கிற கார்களை வருஷா வருஷம் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்திருக்கிறேன். இந்தத் தடவை நாங்களும் ஏற்றப் போகிறோம். புயல் என்று கேட்டதும் பயத்தோடு பயமாக, தீபாவளிக்கு முதல் நாள் மாதிரி ஒரு பரபரப்பும் எனக்குள் ஓடியது.

புயலுக்கு முதல் நாள் சாயங்காலம் இடி இடித்தது. இடி சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் டிவி ஒயரைப் பிடுங்குவார்கள், பிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்குவார்கள். நானும் பிடுங்கினேன், அதே கையோடு காருக்குப் போட்டிருந்த சார்ஜரையும் பிடுங்கிவிட்டேன். இடி நின்றதும் போடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் பாதுகாப்புக்கு என்று கரண்டை நிறுத்திவிட்டார்கள். காலையில் பார்த்தால் சார்ஜ் கோடுகளில் கடைசிக் கோடு மட்டும் மினுங்கிக்கொண்டிருந்தது.

அவள் திட்டவில்லை. "டிவியும் காரும் ஒண்ணாங்க?" என்று மட்டும் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

மதியத்துக்குள் தெருமுனையில் தண்ணீர் வந்துவிட்டது. வண்டியின் பேட்டரி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதில் தண்ணீர் ஏறினால் கதை முடிந்தது. கிளம்பிவிட்டோம். என் தையல் மிஷினின் தலைப்பாகத்தை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். முழுக்க இரும்பு, குழந்தை மாதிரி கட்டிப்பிடித்திருந்தேன். சமதளத்தில் வண்டி நன்றாகவே போனது. பாலத்துச் சரிவில் ஏறியதும் மூச்சு வாங்க ஆரம்பித்தது. பின்னால் ஹாரன் மேல் ஹாரன்.

"என்னங்க, வண்டி தாங்காது. எறங்கிடுங்க."

"மிஷின்?"

"அதையும் எடுத்துக்கிட்டுத்தான்."

மழையில் இறங்கி, மிஷினைத் தோளில் தூக்கிக்கொண்டு காருக்குப் பக்கத்திலேயே நடந்தேன். என் நடை வேகம்தான் அதன் வேகமும். பின்னால் வந்த ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாண்ணா, அக்கா சீட்டு குடுக்கலியா?"

சார்ஜ் இல்லை, மேலே போய்ச் சேராவிட்டால் வண்டி போச்சு, அவளுடைய வேலையும் போச்சு என்று மூச்சிரைக்கச் சொன்னேன். எதற்கு அவரிடம் வேலையைப் பற்றியெல்லாம் சொன்னேனோ தெரியாது. அவர் முகத்தில் சிரிப்பு மறைந்துவிட்டது. "அக்கா, நிறுத்தாத. நிறுத்தினா மறுபடி ஏறாது. அப்டியே வுட்டுகினே போ, பின்னாடி எவன் வர்றான்னு நான் பாத்துக்கறேன்" என்று கத்திவிட்டு, ஆட்டோவை ரோட்டுக்கு நடுவில் கொண்டுவந்தார். பின்னாலிருந்தவர்கள் அவரைத் திட்டினார்கள். அவரும் சளைக்கவில்லை, அதையெல்லாம் எழுத முடியாது.

நான் காரின் கூரையில் ஒரு கையை வைத்தபடி, வா வா, இன்னும் கொஞ்சம், வா கண்ணு என்று பேசிக்கொண்டே நடந்தேன். உள்ளே ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை, ரோட்டை மட்டும் பார்த்தாள்.

மேலே வந்து சேர்ந்தால் இடம் இல்லை. ஓரம் முழுக்கக் கார்கள். நின்றால் நின்ற இடம்தான், நடு ரோட்டில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. ஒரு வெள்ளை வேனுக்கும் தண்ணீர் கேன் வண்டிக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தது. எந்தக் காரும் நுழைய முடியாது என்று எல்லோரும் பார்த்துவிட்டு விட்டுப்போன இடம். அவள் ஸ்டியரிங்கை ஒடித்தாள். எல்லாக் கார்களும் நீளவாக்கில் நிற்க, இவள் குறுக்கே திருப்பி, மூக்கு கைப்பிடிச் சுவரில் இடிக்கிற மாதிரி நேராக உள்ளே விட்டாள். வேனைவிட ஒரு சாண் கூட வெளியே நீட்டவில்லை! அந்த இடத்திலேயே விளக்கெல்லாம் அணைந்து, வண்டி ஓய்ந்தது.

பாலத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். ஆட்டோக்காரர் இன்னொருவரிடம், "மச்சான், இத பாரேன், பைக்கு மாரி சொருவிட்டாங்க" என்று காட்டிக்கொண்டிருந்தார். நான் மிஷினோடு குதித்தேன். இந்த வயசில், இந்தக் கனத்தோடு, நிஜமாகவே குதித்தேன். அவள் கதவைத் திறந்து, உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவள் இன்னும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் அதன்மேல் என் ஈரக்கையை வைத்தேன்.

அன்றைக்கே தெருவில் முட்டியளவு தண்ணீர். வடிந்து, கரண்ட் வந்த பிறகு, சரிவில் உருட்டியும் தள்ளியும் வண்டியை வீடு சேர்த்துச் சார்ஜ் போட்டோம்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று நானும் வருகிறேன் என்றேன். மழைக்குப் பிறகு ரோட்டில் பள்ளம் எங்கே இருக்கிறது, யார் பார்த்துச் சொல்வது? படப்பை வரைக்கும் வலது, இடது என்று கத்திக்கொண்டே போனேன். பள்ளிக்கூடத்துக்குள் வண்டியை நிறுத்திவிட்டு அவள் கதவைப் பிடிக்காமல், இடுப்பில் கை வைக்காமல் நேராக இறங்கி நின்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சரி, நீங்க எப்படித் திரும்பிப் போவீங்க?"

அதை மட்டும் நான் யோசிக்கவே இல்லை.

அவள் சிரித்துக்கொண்டே வகுப்புக்குப் போய்விட்டாள். நான் நடந்து போய்த் தாம்பரம் பஸ்ஸைப் பிடித்தேன். செம கூட்டம், உட்கார இடமில்லை. பஸ் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். பள்ளிக்கூடத்துக்குள் டீச்சர்களின் ஸ்கூட்டர் வரிசையில், ஓரமாக, எங்கள் கார் நின்றது.