தனியாகப் பேச வேண்டும் என்றவர்

சிரிப்புப் படம் என்று சொல்லித்தான் மனைவி என்னைக் கூட்டிப்போனாள். ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. பஸ்ஸில் பர்ஸ் அடிக்கும் இரண்டு திருடர்கள் போலீசுக்குப் பயந்து ஒரு சின்ன ஊரில் இறங்குகிறார்கள். அன்றைக்குப் பார்த்து அந்த ஊருக்கு மேலிடத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் சோதனைக்கு வர வேண்டும். ஊர்த் தலைவரும் லேசுப்பட்ட ஆள் இல்லை, தொட்டதில் எல்லாம் தில்லுமுல்லு. இறங்கியவர்களை அதிகாரிகள் என்று நினைத்து மாலை போட்டு, கறிச்சோறு போட்டு, அன்று காலையில் வெள்ளையடித்த பள்ளிக்கூடத்தைச் சுற்றிக் காட்டுகிறார். நிஜ அதிகாரிகள் வந்ததும் அவர்களைத் திருடர்கள் என்று ரேஷன் கடைக்குள் தள்ளிப் பூட்டிவிடுகிறார்கள்.

பூட்டுகிற இடத்தில் தியேட்டரே அதிர்ந்தது. என் மகள் இருமல் வரும்வரை சிரித்தாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஏனுங்க, பல்லு கில்லு வலிக்குதா?" என்றாள் மனைவி.

"இல்ல. படம் நல்லாத்தான் இருக்குது."

நல்ல படம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத்தான் எதுவும் வரவில்லை. சிரிப்பும் வரவில்லை, வருத்தமும் வரவில்லை. இந்தக் கதை எங்கள் கம்பெனியில் நடந்து ஒரு வருஷம் ஆகிறது. அதில் ஊர்த் தலைவர் வேஷம் எனக்கு.

பொங்கலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் தண்ணீர் வற்றிய பிறகு ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். கம்ப்ளையன்ஸ் ஆபீசர் என்று விசிட்டிங் கார்டில் இருக்கும். வெளிநாட்டில் துணி வாங்குகிறவர்கள், இங்கே தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆடிட்டரை அனுப்புவார்கள். அவர் வருகிற அன்று ஒரு நாள் மட்டும் கம்பெனியை நல்ல கம்பெனியாக வைத்திருப்பது என் வேலை. தேதி சொல்ல மாட்டார்கள். இந்த மூன்று வாரத்துக்குள் என்றைக்கு வேண்டுமானாலும் என்பார்கள். அந்த மூன்று வாரமும் நான் வீட்டில் யாரோடும் சரியாகப் பேச மாட்டேன்.

ஆடிட்டர் வந்தால் பெயர் சொல்லி ஆளைக் கேட்பார். அந்த ஆளோடு தனியாகப் பேச வேண்டும், ஆபீஸ் ஆட்கள் வெளியே இருங்கள் என்பார். அதற்கும் நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். வாய் நழுவி உண்மையைச் சொல்லிவிடக்கூடிய ஆளைக் கேட்டால், அவருடைய அடையாள அட்டையை வேறொருவர் கழுத்தில் மாட்டி அனுப்புவோம். அப்படிப் போவதற்கென்றே நான்கு பெண்களைப் பழக்கி வைத்திருந்தேன். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்வார்கள். நிஜ ஆளை வேனில் ஏற்றி அதே ஊரில் ராயபுரம் பகுதியில் இருந்த எங்கள் குடோனுக்கு அனுப்பிவிடுவோம். இதைத் தப்பு என்று அப்போது நான் நினைக்கவில்லை. ஊரில் பாதிக் கம்பெனிகள் இப்படித்தான் செய்கின்றன என்று சொல்லிக்கொள்வேன்.

வாய் நழுவுகிறவர்கள் பட்டியலில் முதல் ஆள் எங்கள் செக்கிங் அக்கா. தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை பார்க்கிற வேலை. தெற்கே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கிறிஸ்தவர். வீட்டுக்காரர் பெயின்டர். ஒருமுறை ஒத்திகையில் நானே ஆடிட்டராக உட்கார்ந்து, "ஞாயித்துக்கெழம வேல உண்டுங்களா?" என்று கேட்டேன். "போன வாரங்கூட வந்தோம்லா சார், மறந்துட்டியளா?" என்றார். அன்றே பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டேன்.

போன வருஷம் அப்படி ஒரு மூன்று வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, பத்தரை மணிக்கு, வாட்ச்மேன் போன் செய்தார். "சார், வந்துட்டாருங்க."

கேட்டில் நின்றவர் வெள்ளைச் சட்டை போட்டு, கண்ணாடி அணிந்து, கையில் ஒரு கறுப்புப் பையும் ஒரு துண்டுச்சீட்டும் வைத்திருந்தார். சீட்டில் செக்கிங் அக்காவின் பெயரும் செக்ஷனும் எழுதியிருந்தது. "இவங்களப் பாக்கணும். தனியாப் பேசணும் சார், நீங்க யாரும் பக்கத்துல இருக்க வேண்டாம்" என்றார்.

படம் மாதிரி கடைசியில் முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெம்பில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன். வந்தவர் அக்கா குடும்பத்தின் சர்ச்சில் ஊழியம் செய்ய அதற்கு முந்தின மாதம்தான் வந்து சேர்ந்த உபதேசியார். அன்று காலை சர்ச்சுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்த அக்காவின் வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் நினைவோடு படுத்துக்கொண்டு மனைவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார்கள். வேலை நேரத்தில் எல்லாருடைய போனும் கேட்டில் ஒரு டப்பாவுக்குள் கிடக்கும். அதனால் ஆளே வந்துவிட்டார். அக்காவின் முகம் அவருக்குத் தெரியாது. அவர் வந்த பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அக்கா சர்ச்சுக்குப் போனதில்லை, எங்களிடம் வேலையில் இருந்தாரே.

இதில் ஒரு வரிகூட நான் கேட்கவில்லை. பெயர் சொல்லிக் கேட்கிறார், தனியாக என்கிறார். வேறென்ன வேண்டும்?

முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்து இரண்டு கைகளையும் கூப்பினார். சாத்துக்குடி ஜூஸ் வந்தது. உபதேசியார், "சார், அவசரமா..." என்று ஆரம்பித்தார். "அவசரமே இல்லைங்க, மொதல்ல ஜூஸ் சாப்பிடுங்க" என்றார் முதலாளி. ஆள் மாற்ற எனக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். அதுவரை வந்தவரைச் சுற்றிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் முறை. தீயணைக்கிற சிலிண்டர்களைக் காட்டினோம். குழந்தைகள் அறையைக் காட்டினோம். அங்கே தொட்டில் இருந்தது, பொம்மை இருந்தது, குழந்தை இல்லை. குடிதண்ணீர் பரிசோதனைச் சான்றிதழை அவர் கையிலேயே கொடுத்தோம். பாவம், அதை முழுசாக வாசித்தார். இடையில் இரண்டு தடவை வாட்சைப் பார்த்தார். கோபக்கார ஆடிட்டர் என்று நான் பயந்தேன்.

அதற்குள் அக்காவை வேனில் ஏற்றி ராயபுரம் அனுப்பியாகிவிட்டது. ஏன் எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. ஆடிட் என்றால் குடோன், அவருக்குப் பழகிப்போன விஷயம்.

அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனது கணியூர்ப் பக்கத்துப் பெண். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள், கல்யாணமாகாதவள், நான்கு பேரில் கெட்டிக்காரி. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே பேசியது கேட்கவில்லை. பிறகு அவள் சொன்னாள். உபதேசியார் எழுந்து நின்று, "தைரியமா இருக்கணும்மா. உங்க வீட்டுக்காரர் மேலேருந்து கீழ விழுந்துட்டாரு" என்றிருக்கிறார். விபத்து நடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார் போல என்று நினைத்து இவள் கடகடவென்று ஒப்பித்திருக்கிறாள்: "ஃபர்ஸ்ட் எய்ட் பாக்ஸ் ஃப்ளோருக்கு ரெண்டு இருக்குதுங்க சார். மருந்தெல்லாம் தேதி பாத்துத்தான் வெச்சிருக்காங்க."

படமாக இருந்தால் இங்கே கைதட்டல் விழும். நான் எழுதும்போதே எனக்குத் தெரிகிறது, சிரிக்கக்கூடிய இடம்தான்.

உபதேசியாருக்கு அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று தோன்றியிருக்கிறது. அவள் தலையில் கைவைத்து ஜெபம் பண்ண ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கதவைத் திறந்துகொண்டு வந்தாள். உதடு வெளுத்திருந்தது. "சார், அவரு ஆடிட்டர் இல்லீங்க" என்றாள்.

முதலாளியின் காரை நானே ஓட்டினேன். உபதேசியார் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "வந்ததும் போட்டு ஒடச்சிருக்கணும் சார். கட்டினவ காதுல மொதல்ல விழட்டும்னு நெனச்சேன்" என்றார். சிறிது தூரம் போனதும், "ஜூஸையும் வாங்கிக் குடிச்சேனே" என்றார். நான் கியர் மாற்றினேன்.

குடோனில் அக்கா துணி ரோலின் மேல் உட்கார்ந்து மற்றவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "ஆடிட் முடிஞ்சிட்டா சார்?" என்று கேட்டார். உபதேசியார்தான் சொன்னார். அக்கா செருப்பை மாட்டிக்கொள்ளாமல் காரில் ஏறினார்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது பன்னிரண்டரை. அக்காவின் வீட்டுக்காரர் இறந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. அதுவரை வாசலையே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார் என்று நர்ஸ் சொன்னார். அக்கா உள்ளே போனார். நான் வராந்தாவில் நின்றேன். துக்கமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தது. அது வரவில்லை. நிஜ ஆடிட்டர் நாளைக்கு வந்தால் இந்தப் பெயருக்கு யாரை அனுப்புவது என்று ஒரு யோசனை ஓடியது. என்னை நானே வெறுத்தது அந்த ஒரு நிமிஷம்தான். அதுவும் லிஃப்ட் வந்ததும் போய்விட்டது.

மூன்று நாள் கழித்து ஆடிட்டர் வந்தார். வேறு பெயர்களைக் கேட்டார். பாஸ் ஆனோம்.

இரண்டு வாரம் கழித்து அக்கா வேலைக்கு வந்தார். மதியம் சாப்பாட்டு நேரத்தில் என் அறை வாசலில் வந்து நின்றார். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுந்து நின்றேன்.

"உக்காருங்க சார். நன்றி சொல்லத்தான் வந்தேன்."

நான் உட்காரவில்லை.

"உபதேசியார் சொன்னாவ. அன்னைக்கு அவியளுக்கு பஸ்ஸே கெடைக்கலயாம். ஒரு மணி நேரத்துக்கு மேல ஸ்டாப்புலயே நின்னாவளாம். கம்பெனிக்கு வந்து சொன்ன ஒடனே நீங்க கார எடுத்துட்டு என்னத் தேடி வந்தியளாம். எங்க வீட்டுக்காரர உசுரோட பாக்க எனக்குக் குடுத்து வைக்கல. அந்த பஸ்ஸு மட்டும் நேரத்துக்கு வந்திருந்தா பாத்திருப்பேன் சார்."

பொய் சொல்லத் தெரியாத மனுஷன் உபதேசியார். எங்களுக்காகச் சொன்னாரா, தனக்காகச் சொன்னாரா, அக்கா தாங்க மாட்டார் என்று சொன்னாரா, எனக்குத் தெரியாது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆறுதலாக ஒரு வார்த்தை எதிர்பார்த்தார்.

"ஆமாங்க" என்றேன். "அந்த ரூட்டுல பஸ் எப்பவுமே சரியா வராதுங்க."