ங்க இல்லாத தேசம்

கிணத்துக்கடவில் ரயிலேறிய அந்தப் பண்ணையக்காரர் வேட்டிக்கு மேல் கோட்டும் தலையில் உருமாலும் அணிந்திருந்தார். யாரோ பெட்டியில் ஏற்றியிருந்த ஆட்டுக்குட்டியிடமும், "கொஞ்சம் நகருங்க" என்றுதான் சொன்னார்.

அமெரிக்காவில்தான் எஞ்சினியருக்குப் படிப்பேன் என்று அவர் மகன் பிடிவாதமாக இருந்தானாம். இரண்டு கல்லூரிகள் இடம் தருவதாக எழுதியிருந்தன. எதில் சேர்ப்பது என்று முடிவு செய்ய, இரு கடிதங்களையும் எதிரில் உட்கார்ந்திருந்த என்னிடம் நீட்டித் தமிழில் சொல்லச் சொன்னார். உள்ளது உள்ளபடி சொன்னேன்: 'நீ செப்டம்பரில் வந்து சேர வேண்டும்.'

"ஏனுங்க, ரண்டு பேருமே ஒரு 'ங்க' போடலீங்களே?"

"இங்கிலீசுல அப்படி ஒண்ணு இல்லீங்க. பெரியவங்க, சின்னவங்க எல்லாத்துக்கும் ஒரே 'யூ'தானுங்க."

போத்தனூர் வரும்வரை கடிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "படிச்சுப்போட்டு வந்து என்னையும் அப்படித்தான் கூப்புடுவானுங்களா?"

அடுத்த கேள்வியையும் அவரே கேட்டார்:

"எந்தக் காலேசுல படிப்பு சீக்கிரம் முடியுமுங்க?"

இங்கே படித்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் கல்லூரியில் இரண்டு வருஷம், மற்றதில் நான்கு என்றேன்.

"ரண்டு வருசமே போதுமுங்க. மறக்கறதுக்குள்ள வந்துருவான்."

பையன் திரும்பிவந்து அவரை எப்படிக் கூப்பிட்டான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோயமுத்தூரில் இறங்கும்போது அவர் என்னிடம் "வாரேனுங்க" என்றார். ஆட்டுக்குட்டியிடமும் அதையே சொன்னார்.