கண்ணை மூடிட்டு யோசிங்க

இதைச் சொன்னபோது என்னோடு வேலை பார்ப்பவர்கள், "தூக்கக் கலக்கம்" என்றார்கள். இருக்கட்டும். பதினொரு வருடமாக ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள் நான். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதிக் கொடுத்துப் பழகியவள். அன்றைக்கு நடந்ததையும் அப்படியே, நேரத்தோடு சொல்கிறேன்.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். அவள் அப்பா எங்களை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருந்தேன். அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. அதுதான் வேண்டியிருந்தது. ஒன்பது மணி நேரப் பயணம். டிக்கியில் எங்கள் மொத்தக் குடித்தனம். எனக்குப் பக்கத்து இருக்கையில் குக்கரும் மிக்ஸியும். பின்னால், குழந்தை இருக்கையில் பெல்ட் போட்டு வாலு.

சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு தனியாக வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். அது ஒன்பது மணி நேரம் இல்லை, ஐநூற்று நாற்பது நிமிடம். ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஏதாவது கொடுத்தாக வேண்டும். பிஸ்கட்டைக் குட்டிக் குட்டிப் பொட்டலமாகக் கட்டி, அரை மணிக்கு ஒன்று கொடுத்தேன். ஜன்னலில் ஒட்டிப் பிய்க்க ஸ்டிக்கர். சிவப்பு லாரி எண்ணுவது. மூன்று மணிக்குள் எல்லாம் அலுத்துவிட்டது. 3.40க்கு போனில் சார்ஜ் தீர்ந்து பொம்மைப் படமும் போனது.

"அம்மா, இன்னும் எவ்ளோ தூலம்?"

'ர' அவள் வாயில் வராது. ரயில் என்றால் லயில்.

"இதோ வந்துடும்."

"நீ எப்பவும் பொய்தான்."

கடைசி ஆயுதம் ஒன்று வைத்திருந்தேன். ஒருத்தர் மனதுக்குள் ஏதாவது ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். மற்றவர் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். வாலுவுக்கு அது உயிர். யானையையே ஆறு தடவை நினைத்தாள். ஆறு தடவையும் தெரியாத மாதிரி தவித்தேன்.

ஐந்து மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பெரிய சாலையில் மரம் விழுந்துகிடக்கிறது என்று வண்டிகளைக் கிளைச் சாலையில் திருப்பிவிட்டார்கள். முன்னால் போனவர்கள் வேகமெடுத்து மறைந்துவிட்டார்கள். பின்னாலும் யாரும் இல்லை. இடப்பக்கம் மரமோ வீடோ இல்லை. வெறும் சாம்பல் நிறம். வாலுவும் அடங்கிவிட்டாள். வைப்பர் மட்டும்... சரக்... சரக்...

எனக்குக் கண் சொருகியது.

5.41. பின்னாலிருந்து குரல்.

"அம்மா, நான் நினைச்சுட்டேன். கேளுங்க."

நல்லவேளை, பேச்சுத்துணை கிடைத்தது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"அதுக்கு எத்தனை கால்?"

"ரெண்டு."

லெண்டு இல்லை. ரெண்டு. சுத்தமாக வந்தது.

"என் தங்கமே! எவ்ளோ அழகா சொல்ற!"

விளையாட்டைத் தொடர்ந்தேன்.

"பறவையா?"

"இல்ல."

"மரத்துல இருக்குமா?"

"இல்ல. தண்ணிக்குள்ள."

"தண்ணிக்குள்ள ரெண்டு காலா? நல்லா ஏமாத்துறடி நீ" என்று சிரித்தேன். வாலுவாக இருந்தால் என்னைவிடச் சத்தமாகச் சிரிப்பாள். பின்னால் சத்தமே இல்லை.

அப்போதுதான் உறுத்தியது. 'கேளுங்க' என்றாளே... வாலு என்னை 'நீ' என்றுதான் சொல்வாள். பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"அது தண்ணிக்குள்ள எப்படிப் போச்சு?"

"கார்ல."

5.44. ஏ.சி. போடவில்லை. ஆனாலும் பிடரியில் குளிர்ந்தது. சேற்று வாடை வேறு.

"எனக்குத் தெரியலடா. நீயே சொல்லிடு."

"கண்ணை மூடிட்டு யோசிங்க."

"வண்டி ஓட்டும்போது மூடக் கூடாதும்மா."

"கொஞ்ச நேரம்தான். எங்கம்மாவும் மூடுனாங்க."

எங்கம்மா...

கண்ணாடியைப் பார்த்தேன்.

வாலுவின் தலை சாய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது. வாயும் மூடியிருந்தது.

"மூடுங்க."

உதடு அசையவில்லை.

பிரேக்கை மிதித்தேன். வண்டி வழுக்கியது... வழுக்கியது...

நின்றது.

5.47.

மழைச் சத்தம். அதோடு இன்னொரு சத்தம்.

தளக்... தளக்...

கதவைத் திறந்தேன். அந்தச் சாம்பல் நிறம் முழுக்கத் தண்ணீர். பெரிய நீர்த்தேக்கம். தடுப்புச் சுவர் இல்லை. என் முன்சக்கரத்துக்கும் கரையின் விளிம்புக்கும் நடுவே நாலடி.

பின்கதவைத் திறந்து வாலுவை வாரி எடுத்தேன். அவள் உடம்பு சூடாக, காய்ந்து இருந்தது. அவளுக்குப் பக்கத்தில், ஒரு குழந்தை உட்காரும் அளவுக்கு, சீட் நனைந்திருந்தது.

ஜன்னல் எல்லாம் மூடித்தான் இருந்தது.

குக்கரையும் மிக்ஸியையும் பின்னால் தூக்கிப் போட்டுவிட்டு வாலுவை என் பக்கத்தில் உட்காரவைத்தேன். பின்னால் திரும்பவே இல்லை. 6.20க்கு ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. விளக்கு வெளிச்சத்தில் நிறுத்திய பிறகுதான் வாலுவின் பக்கம் திரும்பினேன்.

"முழிச்சுட்டியாடா?"

"நான் தூங்கவே இல்ல." வாலு மெதுவாகத்தான் சொன்னாள். "அந்த அக்காதான் கண்ண தெலக்கக் கூடாதுன்னு சொன்னா. பேசவும் கூடாதாம். அவகூட வெளையாட யாலுமே இல்லியாம்மா."

புது ஊருக்கு வந்துவிட்டோம். வேலையில் சேர்ந்தேன். இதை மறக்கப் பார்த்தேன்.

அடுத்த கோடையில் அந்த நீர்த்தேக்கம் வற்றியது. செய்தித்தாளில் ஒரு ஓரமாகப் போட்டிருந்தார்கள். சேற்றுக்குள் ஒரு கார். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண்ணின் எலும்புகள். பின்னால் குழந்தை இருக்கை. பெல்ட் பூட்டியபடியே இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

காவல் நிலையத்துக்கு போன் செய்தேன்.

"யாருன்னு தெரியலைங்க" என்றார் எடுத்தவர். "உள்ள விழுந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். காணோம்னு ஒரு புகார்கூட இல்ல. பேப்பர்ல வந்தும் யாரும் வரல. இவங்களப் பத்தி விசாரிக்கிற முதல் ஆளே நீங்கதான்."

தாளைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"நீங்க அவங்களுக்கு என்ன உறவுங்க?"