கப்பல் ஜெட்டியில் ஊற்றிய காளான் காபி

அந்தமானில் மாயாபந்தர் ஜெட்டியில், அதாவது கப்பல் துறையில், டிக்கெட் கொடுக்கும் கவுண்டரில் எனக்கு வேலை. டிக்கெட் கிழிப்பது சுலபம். கப்பல் வராத நாளில் கவுண்டருக்குள் உட்கார்ந்திருப்பதுதான் பாடு. ஜனங்கள் கப்பலைத் திட்டுவதில்லை, கண்ணெதிரே இருக்கும் என்னைத்தான் திட்டுவார்கள். ஒருவர் பெங்காலியில், ஒருவர் தெலுங்கில், கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து ஹிந்தியில். திட்டு வாங்கிய களைப்புக்கு ஒரு காபி, கப்பல் தெரிந்துவிட்ட நிம்மதிக்கு ஒரு காபி என்று பல வருஷங்கள் ஓட்டினேன். ஐம்பதைத் தாண்டியதும் வயிறு எரிய ஆரம்பித்தது. படுத்தால் தூக்கம் வரவில்லை.

நான் ஒன்றை முடிவு செய்தால் செய்ததுதான். காபியை அடியோடு விடுவது என் குணத்துக்கு ஒத்துவராது, பாதியாகக் குறைப்பது என்று தீர்மானித்தேன். போனில் தேடியபோதுதான் காளான் காபி கண்ணில் பட்டது. காபித்தூளோடு காளான் பொடி கலந்தது. ரெய்ஷி, சாகா என்று வாயில் நுழையாத பெயர்கள். சிங்கத்தின் பிடரி மாதிரி வெள்ளை நார் தொங்குகிற காளான் ஒன்றும் அதில் உண்டாம். ஞாபகசக்தி கூடும், நோய் அண்டாது, மனசு அமைதியாகும் என்று பாக்கெட்டின் முதுகு முழுக்க எழுதியிருந்தது. கப்பல் நேரத்தை நம்பி டிக்கெட் விற்கிறவள் நான். அச்சடித்த வாக்குறுதியை எவ்வளவு நம்பலாம் என்று எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியிருந்தது காபியின் வாசனையும், வழக்கத்தில் பாதி வீரியமும். அது அந்தப் பாக்கெட்டில் இருந்தது.

முதல் வாய் குடித்தபோது மழையில் ஊறிய மரத்தூளைக் கரைத்துக் கொடுத்தது போல இருந்தது. பால்பவுடர் கொஞ்சம் கூடப் போட்டு, நன்றாக ஆற்றிக் குடித்தேன். சில வாரங்களில் அந்த மண்வாசனையே பிடித்துப்போயிற்று. வயிற்று எரிச்சல் அடங்கியது, தூக்கமும் வந்தது. கப்பலில் இன்ஜின் ரூமில் வேலை பார்க்கிற என் கணவர் ஊருக்கு வந்தபோது ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு பில்ஜ் தண்ணியே தேவலாம்" என்றார். கப்பலின் அடித்தட்டில் தேங்கும் அழுக்குத் தண்ணீரைத்தான் அப்படிச் சொல்வார்கள். நான் அவருக்கு அதற்குப் பிறகு கொடுக்கவில்லை.

ஒருநாள் போஸ்ட் ஆபீஸில் பார்சல் கொடுக்கிற பெங்காலி அண்ணன், நான் படியேறும்போதே, "மேடம், ஆப்கா காபி ஆ கயா" என்று, என் காபி வந்துவிட்டதாகச் சொல்லி ஒரு பெட்டியை நீட்டினார். வீட்டுக்கு வந்து பிரித்தால் என் பாக்கெட் இல்லை. அதே கம்பெனியின் பெரிய டின், பட்டை வாசனையோடு. பெட்டியைத் திருப்பி விலாசத்தைப் பார்த்தேன். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் லாத்தாவுக்கு வந்தது.

லாத்தா என்றால் அக்கா. ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் குடும்பம். கணவர் இறந்த பிறகும் கடையைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தார். தமிழ் பேசுகிற எல்லாருக்கும் அவர் லாத்தாதான். நான் ரவிக்கைத் துணி எடுக்கப் போயிருக்கிறேனே தவிர, அதுவரை பெரிய பழக்கம் இல்லை.

"லாத்தா, உங்க பார்சலைத் தெரியாம பிரிச்சிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று டின்னை நீட்டினேன். அவர் அதை வெடுக்கென்று வாங்கி, துணிக்கட்டுக்குப் பின்னால் வைத்தார்.

"யாருகிட்டயும் சொல்லிப்புடாதீங்கம்மா."

"இதென்ன சாராயமா ஒளிச்சு வைக்க? நானும் இதைத்தான் குடிக்கிறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நெசமாவா? இந்த ஊர்ல நான் ஒருத்திதான் பைத்தியம்னு நெனச்சிட்டிருந்தேன்" என்று சிரித்துவிட்டார்.

மறுநாள் காலையிலிருந்து நாங்கள் சேர்ந்து நடக்க ஆரம்பித்தோம். அது அவருடைய ஏற்பாடு. குடித்துவிட்டுச் சும்மா உட்காரக் கூடாது, நடந்தால்தான் உடம்பில் ஒட்டும் என்பார். கடைத்தெருவிலிருந்து இறக்கம், ஜெட்டியில் கொஞ்ச நேரம், பிறகு திரும்ப ஏற்றம். அவர் பிளாஸ்க் கொண்டுவருவார், நான் எவர்சில்வர் டம்ளர்கள் கொண்டுபோவேன். மீன் படகுகள் வந்து கட்டுவதைப் பார்த்துக்கொண்டு குடிப்போம். நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். என் அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து அங்கே குடியேறியவர்கள். அதனால் பேச்சில் 'ஏலாது' என்ற சொல் அடிக்கடி வரும். லாத்தாவுக்கு அதைக் கேட்டால் சிரிப்பு. "முடியாதுன்னு சொன்னா வாய் வலிக்குமா உனக்கு?" என்பார். நீங்க என்று ஆரம்பித்தவர் நீ என்றும் தங்கச்சி என்றும் மாறிவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

மழைக்காலம் வந்தது. கடல் கொந்தளிப்பு என்று கப்பல்களை நிறுத்தினார்கள். ரோட்டில் மண் சரிந்து பஸ்ஸும் ஒழுங்காக வரவில்லை. எங்கள் பார்சல்கள் போர்ட் பிளேரில் கிடந்தன. போனைத் திறந்தால் 'புறப்பட்டுவிட்டது' என்று மட்டும் காட்டிக்கொண்டே இருந்தது. நான் காலையில் பால் இல்லாத ஒரு பிளேன்டீயோடு சமாளித்துக்கொண்டேன். லாத்தாவால் முடியவில்லை. டின்னின் அடியைச் சுரண்டி முடித்ததும் முகமே வாடிப்போயிற்று. "உடம்பு ஒரு மாதிரியா இருக்கு" என்று தினமும் சொல்வார்.

மழை சற்று விட்ட ஒரு காலையில் உற்சாகமாக வந்தார்.

"பார்சல் வந்திருச்சா லாத்தா?"

"பார்சல் என்னத்துக்கு? அல்லாஹ் என் வீட்டுக்குப் பின்னாலயே குடுத்திருக்கான்."

அவர் வீட்டுக்குப் பின்னால் நிலம் சரிந்து அலையாத்திக் காட்டுக்குள் இறங்கும். அங்கே விழுந்து கிடந்த ஒரு மரத்தில் விசிறி போலக் காளான் முளைத்திருக்கிறது. மேலே பாலிஷ் அடித்த மாதிரி செந்தவிட்டு நிறம், ஓரம் மட்டும் வெள்ளை. போனில் பார்த்த ரெய்ஷி படத்தோடு ஒத்துப்பார்த்திருக்கிறார். வெயில் இல்லாததால் அடுப்புக்கு மேலே கட்டி உலர்த்தி, நறுக்கிக் கொதிக்கவைத்து, காபித்தூள் கலந்து பிளாஸ்க்கில் ஊற்றிக் கொண்டுவந்துவிட்டார்.

"இது வேண்டாம் லாத்தா" என்றேன்.

"ஏன்? படத்தப் பாரு. அச்சு அசல் இதேதான்."

"படத்தைப் பார்த்துக் காட்டுக் காளான் திங்க ஏலாது. ஒரே மாதிரி இருக்கும், ஆனா வேறயா இருக்கும். ரெண்டு பேருக்கும் தெரியாத ஒண்ணு எதுக்கு?"

"உன் ஏலாதைக் கவுண்டர்ல வச்சுக்க. நான் நேத்தே ஒரு கிளாஸ் குடிச்சிட்டேன். நல்லாத்தான இருக்கேன்?"

சொல்லிவிட்டு டம்ளரில் ஊற்றி வாய்க்குக் கொண்டுபோனார். நான் யோசிக்கவில்லை. டம்ளரைப் பிடுங்கிக் கடலில் கொட்டினேன். பக்கத்தில் இருந்த பிளாஸ்க்கையும் எடுத்துக் கவிழ்த்தேன். கறுப்பாக இறங்கி அலையில் கலந்தது. வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

லாத்தாவின் முகம் சிவந்துவிட்டது. "இதைச் செய்ய நீ யாரு எனக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஏற்றத்தில் ஏறிப் போனார்.

 செய்தது சரி என்பதில் அன்றைக்கும் எனக்குச் சந்தேகம் இல்லை, இன்றைக்கும் இல்லை. மறுநாளிலிருந்து அவர் நடக்க வரவில்லை. நான் தனியாக நடந்தேன். அவ்வளவு சின்ன இறக்கம் அத்தனை நீளமாகிவிட்டது. போனில் கணவரிடம் சொன்னபோது அவர், "ஊத்துனது சரிதான். அந்தம்மா பிளாஸ்க்கையாவது திருப்பிக் குடுத்தியா?" என்று கேட்டார். பிளாஸ்க் என் சமையலறையில் இருந்தது. கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

லாத்தா ஒரு வாடிக்கையாளருக்குத் திரைத்துணி அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல அளந்தார். வந்தவர் போன பிறகும் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"கோபம் தீர்ற வரைக்கும் இங்கயேதான் இருப்பேன். இன்னைக்குக் கப்பலும் இல்லை, எனக்கு அவசரமும் இல்லை."

அவர் துணியைக் கீழே வைத்தார். "நான் எதுக்கு அதக் குடிக்கிறேன்னு உனக்குத் தெரியுமா?"

"தூக்கத்துக்குன்னு நெனச்சேன்."

அப்போதுதான் சொன்னார். சென்னையில் வைத்து இதயத்தில் ஸ்டென்ட் பொருத்தியிருக்கிறார்கள். ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் மாத்திரை. இங்கே கடைத்தெருவில் யாருக்கும் தெரியாது. போர்ட் பிளேர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பத்துபஸ்தியில் இருக்கும் மகன், கடையை மூடிவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று ஒவ்வொரு போனிலும் வற்புறுத்துகிறான். மாயாபந்தரில் ஏதாவது ஆகிவிட்டால் யார் பார்ப்பது என்பது அவன் பயம்.

"அவன் சொல்றதும் நியாயந்தான். ஆனா அங்க போயி நான் என்ன செய்ய? பிளேன் ஏறுறதையும் எறங்குறதையும் பாத்துக்கிட்டு உக்காரவா? உடம்ப நல்லா வச்சுக்கிட்டேன்னா என்னையக் கூப்பிட மாட்டான். இந்தப் பவுடரக் குடிச்சதுலருந்து எனக்கு ஒரு தைரியம் தங்கச்சி. அது தீந்துபோனதும் பயந்துட்டேன்."

 எனக்கு உடனே வேறொரு கவலை எழுந்தது.

"மாத்திரை குடுத்த டாக்டருக்கு இந்தப் பவுடர் சமாசாரம் தெரியுமா லாத்தா?"

"காபிதானே? அதையெல்லாமா டாக்டர்கிட்ட சொல்வாங்க?"

"கடையைப் பூட்டுங்க. கிளம்புங்க."

அவர் முணுமுணுத்தார், ஆனாலும் பூட்டினார். டின்னையும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தோம். மெயின்லேண்டிலிருந்து வந்திருந்த இளவயது லேடி டாக்டர், டின்னில் எழுதியிருந்ததை நிதானமாகப் படித்தார். பிறகு மாத்திரை அட்டையைப் பார்த்தார். நான் காட்டுக் காளான் கதையையும் சொன்னேன். லாத்தா என் கையைக் கிள்ளினார்.

"காட்டுக் காளானை இனிமே தொடவே கூடாது. இந்த டின்னும் உங்களுக்கு வேண்டாம்மா" என்றார் டாக்டர். "இதுல இருக்கற ரெய்ஷி உங்க மாத்திரையோட சேர்ந்தா ரத்தம் கசிய வாய்ப்பு இருக்கு. எவ்வளவுன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. தெரியாதப்போ நீங்க எடுக்கக் கூடாது."

"இத்தனை மாசம் குடிச்சேனே?"

"ஒண்ணும் ஆகலைங்கறது நல்லது. அதோட நிறுத்திக்குங்க."

லாத்தா ஈறில் ரத்தம் வருவதைப் பற்றி அப்போதுதான் வாய் திறந்தார். பல் தேய்க்கும்போது வருகிறதாம், பிரஷ் முரடாக இருக்கிறது என்று நினைத்தாராம். டாக்டர் அதைக் கேட்டுவிட்டு ரத்தப் பரிசோதனை எழுதினார். முடிவில் பெரிதாக ஒன்றும் இல்லை. பவுடரை நிறுத்திய பிறகு ஈறும் சரியாகிவிட்டது. காரணம் பவுடர்தானா, பிரஷ்ஷா என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். லாத்தா மட்டும் பிரஷ் என்றே சாதிக்கிறார்.

அன்றைக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது லாத்தா சோர்ந்துபோய், "அப்ப நடக்கறதயும் நிறுத்தணுமா டாக்டர்?" என்று கேட்டார்.

"எவ்வளவு நடப்பீங்க?"

நான் வழியைச் சொன்னேன். டாக்டர் புருவத்தை உயர்த்தினார். "அந்த ஏத்தத்தையா? தினமுமா? மூச்சு வாங்குதா, நெஞ்சு வலிக்குதா?"

"பேசிக்கிட்டேதான் ஏறுவோம்."

"அப்போ அதை மட்டும் விட்டுடாதீங்க."

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே லாத்தா மகனுக்குப் போன் போட்டார். "டாக்டரம்மா நான் நல்லா நடக்கறேன்னு சொல்லிட்டாங்க" என்றார். நான் முறைத்தேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு, பவுடர், ஈறு, காட்டுக் காளான் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அந்தப் பக்கம் மகன் சத்தம் போட்டது எனக்கே கேட்டது.

என் பாக்கெட் மழை ஓய்ந்ததும் வந்தது. நான் இன்னமும் காலையில் ஒன்று குடிக்கிறேன். எனக்கு மாத்திரை ஏதும் கிடையாது, டாக்டரிடமும் கேட்டுக்கொண்டேன். நோயைத் தீர்க்கும் என்று அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. ஒரு நாளைக்கு ஆறாக இருந்த காபியைக் குறைக்க ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது, அது அந்த வேலையைச் செய்தது. கவுண்டருக்கு வருகிற பெண்கள், நானும் வாங்கலாமா என்று கேட்டால், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

மகன் அடுத்த லீவில் பஸ் ஏறி வந்தான். உம்மாவைக் கையோடு கூட்டிப்போகும் முடிவோடுதான் வந்திருந்தான் என்று அவன் முகமே சொன்னது. "காலையில எங்ககூட நடந்துட்டு அப்புறம் பேசு" என்றார் லாத்தா. இறங்கும்போது அவன்தான் முன்னால் போனான். ஜெட்டியில் லாத்தா சுக்கு மல்லி காபி குடித்தார், நான் என்னுடையதைக் குடித்தேன், அவன் போனில் படகுகளைப் படம் எடுத்தான். ஏறும்போது பாதியிலேயே இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டான். ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். சட்டை முழுக்க வியர்வை.

லாத்தா மேலேயிருந்து திரும்பிப் பார்த்தார். "என்னத்தா, உக்காந்து வரியா?"

"நீங்க போங்க உம்மா, நான் மெதுவா வர்றேன்" என்றான் அவன், மூச்சுக்கு இடையில்.

 லாத்தா இறங்கி வந்து அவன் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அவனோடு சேர்ந்து மெல்ல ஏறினார். கடையை மூடும் பேச்சை அவன் அந்த லீவில் எடுக்கவே இல்லை. ஊருக்குக் கிளம்பும் முன் என் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டு, "ஆன்ட்டி, உம்மா மாத்திரை போட்டாங்களா?" என்று கேட்பான். போட்டார்கள் என்பேன். நான் பார்க்காமல் சொல்வதில்லை.