வாயை மூடிக்கினு அடிம்மா!

புதூர்நாட்டில் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஆஸ்திரேலியாவில் நடந்த பெரிய டென்னிஸ் போட்டியை போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். அரையிறுதி ஆட்டம். எனக்குப் பிடித்தவள் சத்தமே இல்லாமல், ஓடைத் தண்ணீர் வளைவதுபோல ஆடுவாள். எதிரே இருந்தவளோ ஒவ்வொரு அடிக்கும் அலறினாள். எரிச்சல் தாங்காமல் நானும் கத்திவிட்டேன்: "வாயை மூடிக்கினு அடிம்மா!"

பக்கத்து வீட்டில் உரலில் சாமை குத்திக்கொண்டிருந்த மல்லிகாவின் உலக்கை நின்றது. குத்துக்குக் குத்து அவளும் 'ஹூம்' போட்டுக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது.

"இன்னாண்ணா, என்னையா சொன்னீங்க?" முகம் சுருங்கியிருந்தது.

"ஐயோ, போன்ல ஆடுற பொண்ணைம்மா!"

"அவ மட்டும் இன்னா பண்ணா? வாங்க, நீங்க வாயை மூடிக்கினு குத்துங்க, பாக்கலாம்."

வீம்புக்குப் போனேன். நாலாவது குத்தில் அடிவயிற்றிலிருந்து அந்தச் சத்தம் தானாகக் கிளம்பியது. மல்லிகா விழுந்து விழுந்து சிரித்தாள். "மில்லு மோட்டாருக்கே சத்தம் வருது. மனுசனுக்கு வராதா?"

திரும்பி வந்து, அலறியவள் பக்கம் சேர்ந்துகொண்டேன். அவள் தோற்றாள். தோற்றால் என்ன? என் ரசனை கெட்டுவிட்டதாக நண்பர்கள் சொல்கிறார்கள். கெட்டே போகட்டும். பாடுபடுகிற உடம்பிடம் சத்தம் போடாதே என்று இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவர்களிடம்தான் சத்தம் போடுவேன்.