பஞ்சாங்கம் பார்த்து வலித்த வயிறு

எனக்கு வயிற்றில் புண் இருக்கிறது என்று எங்கள் வீட்டார் நம்புவதற்கு ஒரு எக்ஸ்ரே படம் தேவைப்பட்டது. எழுபதுகளில் இலஞ்சிக்கு மருமகளாக வந்த நான், அதுவரை விரதத்துக்குப் பயந்து நடிக்கிறவளாகவே அங்கே குடித்தனம் நடத்தினேன்.

என் வயிறு பஞ்சாங்கம் பார்த்து வலிப்பதாகப் பேச்சு. கார்த்திகையோ சஷ்டியோ, விரத நாளில் மதியத்துக்குள் மேல்வயிறு பற்றி எரியும். நாலு வாய் மோர்ச்சோறு உள்ளே போனால் அடங்கிவிடும். என் மாமியாருக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

"தின்னதும் நின்னுபோற வலி என்ன வலிட்டீ? அதுக்குப் பேரு பசி" என்றாள் அத்தை.

அவள் ஒரு விரதமும் விட்டதில்லை. விரத நாளிலெல்லாம் முந்தானையை வயிற்றோடு இறுக்கிச் சுற்றிக்கொண்டு வேலை செய்வாள். பக்திக்கு அவ்வளவு இறுக்கம் வேண்டும்போல என்று நினைத்துக்கொள்வேன். சீசனுக்கு வந்த சொந்தக்காரர்களோ உடம்புச் சூடு என்று முடிவு கட்டி, என்னைக் குற்றாலத்து அருவியில் நிறுத்தினார்கள். வயிறு எரிந்தது, ஜலதோஷமும் பிடித்தது.

என் கணவர் நடுநிலைமைக்குப் பேர்போனவர். அம்மாவைக் கண்டிக்கவும் மாட்டார், என்னைக் கைவிடவும் மாட்டார். தென்காசியிலிருந்து தலைவலி மாத்திரை வாங்கி வந்து கொடுத்தார். வலிக்குத்தானே மாத்திரை, எந்த இடத்து வலியானால் என்ன! அதை வெறும் வயிற்றில் போட்டுப் போட்டு, ஒருநாள் மலம் தார் மாதிரி கருப்பாகப் போயிற்று. கருப்பட்டி தின்றால் கருப்பாகத்தான் போகும் என்று அத்தை விளக்கம் சொன்னாள். மறுநாள் அடுக்களையில் மயங்கி விழுந்தேன். அதற்கு விளக்கம் கிடைக்காததால் டாக்டரிடம் கொண்டுபோனார்கள்.

அவர் என்னிடம், "சாப்பிட்டா வலி கொறயுதாம்மா?" என்று கேட்டார். குற்றச்சாட்டாகவே கேட்டுப் பழகியதை ஒருவர் கேள்வியாகக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே ரத்தம் கசிந்தால் மலம் அப்படிக் கருக்கும் என்றும், அந்த மாத்திரை புண்ணை இன்னும் கிளறிவிடும் என்றும் சொன்னார். என் கணவர் கூரையைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் கிடந்து தேறியபின் திருநெல்வேலியில் எக்ஸ்ரே. முதல்நாள் ராத்திரியிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் கூடாதாம். நான் ஒழுங்காக இருந்து முடித்த ஒரே விரதம் அதுதான். முடித்துவைக்க, படத்தில் குடல் தெரிவதற்கென்று பேரியம் மருந்து ஒரு டம்ளர் கொடுத்தார்கள், சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி. படத்தில் இரைப்பை முடிந்து சிறுகுடல் தொடங்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது. மருந்து தேங்கி நிற்கும் அந்தக் குழிதான் புண்ணாம். இனி விரதமே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் படத்தை அத்தையிடம் நீட்டினேன். இத்தனை நாள் சேர்த்து வைத்த பேச்சு நாக்கு நுனியில் நின்றது. அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை விலக்கி, தன் மேல்வயிற்றில் விரலை வைத்தாள்.

"எனக்கும் இங்கனதாம்ட்டீ வலிக்கி. பசின்னுல்லா நெனச்சேன்."

அன்றைக்குக் கார்த்திகை. நான் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, அவளுக்கு மோர்ச்சோறு பிசையப் போனேன்.